எண்ணும் கண்ணும்: விழிப்புலனற்றோரின் கணிதக் கல்வி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிடுவது தமிழ் மரபில் நெடுங்கால வழக்கு. திருக்குறளின் கல்வி அதிகாரம் எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் மெய்யான விழிகளாகக் கொண்டு, முகத்தில் அமைந்தவற்றை அவற்றுக்கு அடுத்த நிலையிலேயே வைக்கின்றது. இக்கருத்தை அதன் முடிபுவரை கொண்டுசெல்லின், முகத்திலுள்ள கண்ணை இழந்தவருக்கு எண்ணாகிய கண்ணும் எழுத்தாகிய கண்ணும் ஏனையோரிலும் இன்றியமையாதன என்பது பெறப்படும். ஆயின் நடைமுறை இதற்கு மாறாகவே அமைந்துள்ளது. கடந்த இரு நூற்றாண்டுகளில் விழிப்புலனற்றோருக்கு எழுத்தின் வாயில் மெல்ல மெல்லத் திறக்கப்பட்டது. எண்ணின் வாயிலோ பெரும்பாலும் மூடியே கிடந்தது. வரலாறு, மொழி, இசை, சமயம் ஆகிய துறைகளில் அவர்கள் பயில்வதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் சமூகம், கணிதம் என்றதும் தயங்குகின்றது. அத்தயக்கம் நியாயமானதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இத்தயக்கம் வன்மமாக வெளிப்படுவதில்லை, இரக்கமாகவே வெளிப்படுகின்றது. இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதிகள், விழிப்புலனற்ற மாணவர் கணிதத்துக்குப் பதிலாக இசை போன்ற வேறொரு பாடத்தைத் தெரிவுசெய்ய இடமளித்துள்ளன. எழுதப்பட்ட விதி இல்லாத இடங்களில் வழக்கமே விதியின் இடத்தைப் பெற்றுவிடுகின்றது. கணித பாட வேளையில் அம்மாணவர் வேறொரு வேலையில் அமர்த்தப்படுகின்றார். பெற்றோர் அதனை நன்றியுடன் ஏற்கின்றனர். மாணவரும் நாளடைவில் அதுவே தமது இயல்பென நம்பிவிடுகின்றார். எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. எனினும் ஒரு மனிதரின் வாழ்வில் பௌதிகம், பொருளியல், புள்ளிவிபரவியல், கணினியியல், வணிகம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பாட வேளையோடு மூடப்பட்டுவிடுகின்றன. எவரது தீய எண்ணமுமின்றி நிகழும் இத்தகைய இழப்பை அநீதி எனக் கூறலாமா? அன்றி, இயற்கை விதித்த வரையறையைச் சமூகம் கனிவுடன் ஏற்றுக்கொண்டது என்றே கொள்ள வேண்டுமா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், விலக்களிப்பு எவ்வெவ் எடுகோள்களின்மீது நிற்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். அவை மூன்று. முதலாவது, கணிதம் இயல்பாகவே கண்ணால் அறியப்படும் துறை என்பது. இரண்டாவது, அவ்வாறன்றெனினும் அதனைக் கண்ணின்றிக் கற்பதற்கான வழிவகைகள் இல்லை என்பது. மூன்றாவது, வழிவகைகள் உளவெனினும் சிலருக்காக அவற்றை வழங்கும் கடப்பாடு சமூகத்துக்கு இல்லை என்பது. முதல் இரண்டும் உண்மை பற்றிய கூற்றுக்கள். மூன்றாவது அறம் பற்றியது. உண்மை பற்றிய கூற்றுக்கள் பிழையாயின், அவற்றின்மீது எழுந்த இரக்கம் எத்துணைத் தூயதாயினும் பிழையான இரக்கமாகவே முடியும்.

1

முதலாவது எடுகோளைத் தத்துவ வரலாறு முன்னரே ஐயுற்றுள்ளது. கேத்திரகணிதம் பயில்வோர் மணலிலோ பலகையிலோ உருவங்களை வரைந்து அவற்றைப் பற்றிப் பேசினும், அவர்களது சிந்தனை அவ்வரைவுகளைப் பற்றியதன்று என்று பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலின் ஆறாம் பகுதியில் வாதிடுகின்றார். வரையப்பட்ட கோட்டுக்கு அகலம் உண்டு. கணிதம் பேசும் கோட்டுக்கு அகலம் இல்லை. வரையப்பட்ட வட்டம் எங்கோ ஓரிடத்திற் கோணியிருக்கும்; கணிதத்தின் வட்டம் கோணாது. ஆகவே பார்வையுடையவரும் கணிதப் பொருளைக் கண்ணாற் காண்பதில்லை; கண்ணாற் கண்ட ஒன்றைத் துணையாகக் கொண்டு காணாத ஒன்றைக் கருதுகின்றனர். அத்துணை கண்வழி வரினும் கைவழி வரினும் அது துணையே, பொருளன்று.

இவ்வாதத்துக்கு வாழும் சான்றாக அமைந்தவர் நிக்கொலஸ் சோண்டர்சன் (1682–1739). ஏறத்தாழ ஒரு வயதில் பெரியம்மையாற் பார்வையை இழந்த இவர், 1711இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில், முன்னர் நியூற்றன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியில் அமர்த்தப்பட்டார். ஒளியைக் கண்ட நினைவே இல்லாத இவர் அங்கு நியூற்றனின் ஒளியியலை விரிவுரையாற்றினார் என்பது மனங்கொளத்தக்கது. கணிப்புக்கென அவர் தாமே ஒரு பலகையை அமைத்துக்கொண்டார். சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்ட அப்பலகையில், பெரிய தலையும் சிறிய தலையும் கொண்ட ஊசிகள் குத்தப்பட்ட இடங்களைப் பொறுத்து எண்கள் குறிக்கப்பட்டன. ஊசிகளைச் சுற்றி நூலை இழுத்துக் கேத்திரகணித உருவங்களும் அமைக்கப்பட்டன. அவர் மறைந்த பின் 1740இல் வெளிவந்த அவரது அட்சரகணித நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடெரோ 1749இல் எழுதிய விழிப்புலனற்றோர் பற்றிய கடிதநூலில் சோண்டர்சனை மையமாக்கியமை தற்செயலன்று. புலன்களுக்கும் அறிவுக்குமுள்ள தொடர்பு என்ன என்ற வினாவை, அக்காலத் தத்துவத்தின் முன் அவரது வாழ்க்கையே எழுப்பி நின்றது.

சோண்டர்சனைத் தொடர்ந்து வேறு சிலரையும் குறிப்பிடலாம். லெயோனாட் ஒய்லர் (1707–1783) தமது வாழ்வின் இறுதிப் பதினேழு ஆண்டுகள் அளவில் ஏறக்குறைய முற்றாகப் பார்வையிழந்த நிலையில், பிறர் எழுத வாய்மொழியாகச் சொல்லியே தமது ஆக்கங்களின் பெரும் பகுதியை நிறைவேற்றினார். உருசியக் கணிதவியலாளர் லெவ் பொன்றியாகின் (1908–1988) பதினான்காம் வயதில் அடுப்பு வெடித்ததாற் பார்வை இழந்தவர். பிரான்சின் பேர்னாட் மொறின் (1931–2018) ஆறாம் வயதிற் பார்வை இழந்தவர். கோளமொன்றின் உட்புறத்தைக் கிழிவின்றி வெளிப்புறமாக மாற்றுதல் என்னும், பார்வையுடையோரே கற்பனை செய்ய இடர்ப்படும் சிக்கலில் அவர் பெரும்பங்கு ஆற்றினார்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். மேதைகளின் வரலாறு சாதாரண மாணவருக்குச் சான்றாகுமா? ஒய்லரும் பொன்றியாகினும் ஒரு காலத்தில் உலகைக் கண்டவர்கள் அல்லவா? இவ்வாட்சேபத்தில் நியாயம் உண்டு. மேதைகளின் எடுத்துக்காட்டு, எல்லோராலும் இயலும் என்பதை நிறுவாது. ஆயின், இயலவே இயலாது என்ற கூற்றை முறியடிக்க ஓர் எடுத்துக்காட்டே போதும். பார்வையின் நினைவே அற்ற சோண்டர்சன் அந்த ஓர் எடுத்துக்காட்டாவார். மேலும், பார்வையுடைய மாணவர் கணிதம் கற்கத் தகுதியுடையவரா என அறிய அவர் ஒய்லருக்கு நிகரானவரா என எவரும் கேட்பதில்லை. விழிப்புலனற்றவரிடம் மட்டும் மேதைமையை முன்நிபந்தனையாகக் கேட்பது சமனற்ற அளவுகோலாகும்.

தொடுகையால் அறியும் வடிவம் காட்சியால் அறியும் வடிவத்தின் குறைபட்ட நிழலே என்று கருதுவாரும் உளர். 1688இல் வில்லியம் மொலினியூ என்பவர் தத்துவஞானி ஜோன் லொக்குக்கு ஒரு வினாவை அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்று, கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டுப் பிரித்தறியப் பழகிய ஒருவர், பின்னர் பார்வை பெறின் அவ்விரண்டையும் கண்ணால் மட்டும் பார்த்து இன்னது இதுவெனக் கூறுவாரா என்பதே அவ்வினா. கூறமாட்டார் என்பதே இருவரதும் கருத்து. பிற்காலத்தில் இந்தியாவில் சிகிச்சையாற் பார்வை பெற்ற சிறுவர் சிலரிடம் மேற்கொள்ளப்பட்டு 2011இல் வெளியான ஆய்வும், தொட்டறிந்ததைக் கண்ணால் உடனே இனங்காண அவர்களால் இயலவில்லை என்றும், குறுகிய காலப் பயிற்சியின் பின் இயன்றது என்றும் காட்டியது. இதிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனில், கையறிவு கண்ணறிவிடம் கடன் வாங்கியதன்று என்பதாகும். அச்சிறுவர் கோளத்தைக் கோளமென அறிந்திருந்தனர். பார்வையின் மொழியில் அதற்குப் பெயர் சொல்லவே அவர்கள் அறியாதிருந்தனர். ஆகவே முதலாவது எடுகோள் நிலைக்காது.

2

கணிதம் பார்வையைச் சார்ந்ததன்றெனின், விழிப்புலனற்ற மாணவர் அதில் இடர்ப்படுவது ஏன்? இடர் உண்மையானது, அதனை மறுப்பதாற் பயனில்லை. ஆனால் அது இருக்கும் இடம் கணிதமன்று. கணிதம் எழுதப்படும் முறை.

உரைநடை ஒரே வரியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கணித எழுத்து அவ்வாறன்று. அடுக்கு மேலேறி நிற்கும்; பின்னத்தின் பகுதி கோட்டுக்குக் கீழே நிற்கும்; வர்க்கமூலக் குறி தன் கீழுள்ளவற்றைக் கூரைபோல் மூடும். எழுத்து எவ்விடத்தில் நிற்கின்றது என்பதே பொருளின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. பார்வையுடையோருக்கு இது பெரும் வசதி. ஒரே பார்வையில் கோவையின் அமைப்பு முழுவதும் புலனாகும். ஆனால் அதனை வாயால் வாசிக்குங்கால் இடம் மறைந்துவிடுகின்றது. ‘இரண்டு கூட்டல் நான்கின் கீழ் இரண்டு’ என ஆசிரியர் வாசித்தால் கேட்பவர் எதைக் கொள்வார்? இரண்டையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுப்பதெனின் விடை 3. நான்கை மட்டும் இரண்டால் வகுத்து இரண்டோடு கூட்டுவதெனின் விடை 4. பலகையைப் பார்ப்பவருக்கு ஐயமில்லை. பலகையைக் காணாதவர் பிழை விடுவாராயின், அப்பிழை அவருடையதன்று; வாசித்தவருடையது. ஆயினும் புள்ளிகள் குறைவது கேட்டவருக்கே.

இச்சிறிய எடுத்துக்காட்டிற் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது. இயலாமை எனப் பொதுவாகக் கருதப்படுவது மனிதரின் உடலில் மட்டும் இருப்பதன்று; உடலுக்கும் அவர் முன் வைக்கப்படும் ஏற்பாட்டுக்கும் இடையில் இருப்பது. கணிதக் குறியீடு இயற்கை தந்ததன்று. சில நூற்றாண்டுகளில் பார்வையுடையோர் தம் வசதிக்கு ஏற்ப ஆக்கிக்கொண்டது. மனிதர் ஆக்கியதை மனிதர் மாற்றியமைக்கவும், அதற்கு இணையான வேறொன்றை ஆக்கவும் இயலும். இயற்கையின் செயலுக்கு எவரும் பொறுப்பாளியல்லர். மனிதரின் ஏற்பாட்டுக்கு மனிதர் பொறுப்பாளிகள். தடையின் இருப்பிடம் உடலிலிருந்து குறியீட்டுக்கு மாறும்போது, வினாவும் மருத்துவத்திலிருந்து அறத்துக்கு மாறிவிடுகின்றது.

3

இனி இரண்டாவது எடுகோளை நோக்கலாம். வழிவகைகள் இல்லை என்பது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாயிருந்திருக்கலாம். லூயி பிரெயில் (1809–1852) தமது ஆறு புள்ளி முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளால் அறுபத்துமூன்று குறிகளை மட்டுமே ஆக்கலாம். மொழிக்கு இது போதும். 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் வழியாகத் தமிழும் இவ்வமைப்பில் இடம்பெற்றது. ஆனால் கணிதத்தின் குறிகளோ மிகப் பல. எண்கணிதத்துக்கென ரெய்லர் சட்டகம் பயன்பட்டது. அதன் எண்கோணத் துளைகளில் உலோக அச்சொன்றை எட்டுத் திசைகளிற் செருகலாம். அச்சின் இரு முனைகளும் வேறுபட்டவையாதலால் பதினாறு குறிகள் கிடைக்கும். 1962இல் அமெரிக்காவில் கிறான்மர் என்பவர் யப்பானிய எண்சட்டத்தின் மணிகளுக்குப் பின்னே மென்துணி பொருத்தி, விரல் பட்டதும் மணி நகர்ந்துவிடும் குறையை நீக்கினார். இவை கணித்தற்கு உதவின. அட்சரகணிதத்தையும் நுண்கணிதத்தையும் எழுதி வாசிப்பதற்கு வேறொன்று வேண்டியிருந்தது.

அதனை வழங்கியவர் ஏபிரகாம் நெமெத் (1918–2013). பிறவியிலேயே பார்வையற்ற இவர் கணிதத்தில் ஆர்வம் கொண்டிருந்தார். ஆயின் அத்துறை அவருக்குப் பொருந்தாதென ஆலோசகர்கள் கூறியமையால் உளவியல் பயின்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். பொருந்தும் எனக் கூறப்பட்ட அத்துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பின்னர் கணிதத்துக்குத் திரும்பி, டெற்றோயிற் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தார். தமது படிப்புக்கெனத் தாமே வகுத்த பிரெயில் கணிதக் குறியீடு 1952இல் வெளியிடப்பட்டு, 1972இல் திருத்தியமைக்கப்பட்டது. பின்னம் தொடங்குமிடத்துக்கு ஒரு குறி, கோட்டுக்கு ஒரு குறி, முடியுமிடத்துக்கு ஒரு குறி என்ற முறையால், மேலும் கீழுமாக நின்ற பொருள் ஐயத்துக்கிடமின்றி ஒரே வரியில் அமைந்தது. தமக்கு நூல்களை வாசித்துக்காட்டியவர்களும் அவ்வாறே ‘பின்னத் தொடக்கம்’, ‘பின்ன முடிவு’ என்னும் பாங்கில் வாசிக்குமாறு அவர் ஓர் ஒழுங்கை வகுத்தார். நெமெத்துக்கு ஆலோசனை கூறியவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. அவர்களது நல்லெண்ணம் வென்றிருப்பின் அக்குறியீடு அவரிடமிருந்து பிறந்திராது. பின்வந்த மாணவர் பலரின் வழியும் அடைபட்டிருக்கும். கனிவான தடையின் விலை தடுக்கப்பட்டவரோடு முடிவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இயந்திரங்களின் வரவு இவ்வழியை மேலும் அகலமாக்கியது. 1951 முதல் பேர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப்பொறி உறுதியான எழுதுகருவியாயிற்று. 1970களில் ஒப்ரகொன் என்னும் கருவி, அச்செழுத்தின் உருவத்தையே 144 அதிரும் ஊசிகளால் விரல் நுனிக்குத் தெரிவித்தது. 1996இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதனிலும் ஆழமான மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கணித நூல்கள் அழகுற அச்சாக வேண்டுமென்பதற்காக டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மொழி, கணிதக் கோவை ஒவ்வொன்றையும் ஒரே வரியில், எது எதன் மேல் நிற்கின்றது என்பதைச் சொற்களாற் குறித்து எழுதச் செய்தது. விழிப்புலனற்றோருக்கென ஆக்கப்படாத அம்மொழி அவர்கள் வாசிக்கவும் எழுதவும் ஏற்ற மொழியாக அமைந்தது. பதினான்காம் வயதிற் பார்வை இழந்தவரும் இந்தியாவிற் பிறந்தவருமான ரி. வி. ராமன், அம்மொழியில் எழுதப்பட்ட கணித நூல்களைக் குரலாக மாற்றும் ‘அஸ்ரர்’ என்னும் முறைமையைக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக 1994இல் நிறைவு செய்தார். அடுக்கை உயர்ந்த சுருதியிலும் கீழ்க்குறியைத் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கச் செய்து, தாளில் இடம் ஆற்றிய பணியை அவர் ஓசைக்கு மாற்றினார். 1998இல் கணினிகளுக்கிடையே கணிதத்தைப் பொருள் மாறாது பரிமாறுவதற்கான பொதுக் குறிமொழி ஒன்று தரமாக ஏற்கப்பட்டது. 2006இல் அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இளைஞர் இருவர் தொடங்கிய ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பு மென்பொருள் எவருக்கும் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. இவற்றின் பின்னர், வழியில்லை என்ற கூற்று அறியாமையாகலாம், உண்மையாகாது.

எனினும் கருவிகளைப் பற்றி மிகைப்படப் பேசுதலும் தகாது. குரல் காலத்தில் ஓடி மறைவது. கணிதமோ மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்க்க வேண்டியது. நீண்ட சமன்பாடொன்றின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுபவரின் கண் பலமுறை இங்குமங்கும் செல்லும். செவி அவ்வாறு செல்ல இயலாது. நினைவு முழுச் சுமையையும் தாங்க நேரிடும். ஆகவே தொட்டு வாசிக்கும் பிரெயிலின் இடத்தைப் பேசும் கணினி முற்றாக நிரப்பிவிடும் எனக் கொள்ளுதல் பிழை. வரைபுகளுக்கும் உருவங்களுக்கும் புடைப்பு வரைவுகள் வேண்டும். அவற்றைத் தடவி அறிவதற்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். கருவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதுதல், விலக்களிப்பின் மற்றொரு வடிவமே.

4

எஞ்சியுள்ளது மூன்றாவது எடுகோள். வழிவகை உண்டெனினும், ஒரு சில மாணவருக்காகப் பிரெயில் நூல்கள், புடைப்பு வரைவுகள், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியவற்றுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடல் தகுமா? வறிய நாட்டில் அதே பணம் மிகப் பல மாணவருக்கு மேசையும் நாற்காலியும் ஆகாதா? இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குதல் எளிது. விடை கூறுதலே கடினம்.

1979இல் அமார்த்திய சென் ஆற்றிய புகழ்பெற்ற உரையொன்று, சமத்துவம் எதிலே என்ற வினாவை எழுப்பியது. எல்லோருக்கும் ஒரே அளவு பொருளை வழங்குவது சமத்துவமாகாது. ஒரே அளவு பொருளைக்கொண்டு எல்லோராலும் ஒரே அளவு சாதிக்க முடிவதில்லை என்பதே அவரது வாதத்தின் சாரம். உடற்குறைபாடு உடையவரை அவர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். வகுப்பிலுள்ள நாற்பது மாணவருக்கும் ஒரே அச்சுப் பாடநூலை இலவசமாக வழங்குதல் வெளித்தோற்றத்தில் முழுச் சமத்துவம். அவர்களுள் ஒருவருக்கு அந்நூல் வெறுந்தாட்கட்டு. அவருக்குப் பிரெயில் நூல் வழங்குதல் மேலதிக சலுகையன்று; ஏனைய முப்பத்தொன்பது பேருக்கும் ஏற்கெனவே வழங்கப்பட்டதை அவருக்கும் வழங்குதலே. மின்விளக்கு, கரும்பலகை, அச்சுநூல், வரைபடத்தாள் யாவும் பார்வையுடையோருக்கான உதவிக் கருவிகளே. அவை எல்லோருக்கும் வழங்கப்படுவதால் உதவி எனக் கணிக்கப்படுவதில்லை. சிலருக்கு வழங்கப்படுவது மட்டும் செலவாகக் கணிக்கப்படுகின்றது.

சிலரே என்னும் வாதத்திலும் ஒரு சுழற்சி மறைந்துள்ளது. நூல்கள் இல்லாமையால் விழிப்புலனற்றோர் கணிதத்தைத் தெரிவதில்லை. அவர்கள் தெரியாமையால் நூல்கள் ஆக்கப்படுவதில்லை. விளைவைக் காரணமாகக் காட்டும் இவ்வாதம் எத்தகைய விலக்கையும் என்றென்றும் நியாயப்படுத்தவல்லது. பெண்கள் உயர்கல்வியிலிருந்து விலக்கப்பட்ட காலத்திலும், கற்க விரும்பும் பெண்கள் சிலரே எனக் கூறப்பட்டமை நினைவிற்கொள்ளத்தக்கது.

பரீட்சையின் நியாயம் பற்றிய ஆட்சேபம் வேறுவகையானது. ஒருவருக்குப் பேசும் கணினியும் மேலதிக நேரமும் வழங்குதல் ஏனையோருக்கு அநீதியாகாதா என்பர். இதற்கு விடை, பரீட்சை எதனை அளக்க விழைகின்றது என்பதைப் பொறுத்தது. தேற்றமொன்றை நிறுவும் ஆற்றலை அளப்பதெனின், வினாவை வாசிப்பதற்கு எடுக்கும் நேரம் அளவைக்குப் புறம்பானது. அதனை ஈடுசெய்தல் அளவையைச் செம்மையாக்குதலே. விடையையே கருவி தருமாயின் அது ஆற்றலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. அதனை மறுத்தல் நியாயம். வினாவை அறிவதற்கு உதவுவதையும் விடையைக் காண்பதற்கு உதவுவதையும் பிரித்தறிதல் எப்போதும் எளிதன்று. ஆனால் அது ஆராய்ந்து தீர்க்க வேண்டிய நுட்பமான பிரச்சினை. முழு மறுப்புக்கு அது காரணமாகாது.

விலக்களிப்பை ஆதரிப்போர் இறுதியாகக் கூறுவதொன்றுண்டு. கணிதம் பலருக்குத் துன்பம் தருவது. அதிலிருந்து விடுபடும் வாய்ப்பைச் சிலருக்கு அளித்தல் நன்மையன்றோ? விருப்பமில்லாதவர்மீது அதனைச் சுமத்துதலும் கொடுமையன்றோ? இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. தெரிவுச் சுதந்திரம் மதிக்கப்படவேண்டியதே. ஆயின் தெரிவென்பது இரு வாயில்களும் திறந்திருக்கும்போதே தெரிவாகும். ஒரு வாயிலை மூடிவைத்துவிட்டு, மற்றதன் வழியே சென்றவரைப் பார்த்து அவரே விரும்பிச் சென்றார் எனக் கூறுதல் பொருந்தாது. நூலும் கருவியும் ஆசிரியரும் கிடைத்த பின்னர் கணிதத்தை விட்டு விலகுபவரின் முடிவு அவருடையது. அவை கிடைக்காமுன் விலகுபவரின் முடிவு பிறருடையது.

5

கடப்பாடு உண்டெனின், அது யாருடையது? அரசின் பங்கு தெளிவானது. இலங்கை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இயலாமையுடையோரின் உரிமைகளை ஏற்றது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட இயலாமையுடையோர் உரிமை உடன்படிக்கையை 2016இல் உறுதிப்படுத்தியது. பதிப்புரிமைத் தடையின்றி நூல்களை அணுகத்தக்க வடிவுக்கு மாற்ற இடமளிக்கும் 2013ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கையிலும் அதே 2016இல் இணைந்தது. ஆயின் உரிமை தாளில் நிற்பது; கல்வி வகுப்பறையில் நிகழ்வது. 1912இல் தொடங்கப்பட்ட இரத்மலானைப் பாடசாலையும் கைதடி நவீல்ட் பாடசாலையும் இந்நாட்டில் விழிப்புலனற்ற சிறுவருக்கு எழுத்தறிவின் வாயிலைத் திறந்தவை. அங்கிருந்து பல்கலைக்கழகம் வரை எண்ணின் வழியும் தடையின்றி நீள வேண்டுமாயின், இடையிலுள்ள ஒவ்வோர் ஆசிரியரும் விரிவுரையாளரும் அதில் பங்காளிகளாதல் வேண்டும்.

தமிழ் மொழிமூலம் கற்பிப்போருக்கு இதிலே சிறப்பானதொரு பணியும் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டிற் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கும் பெரும்பணி மேற்கொள்ளப்பட்டது. பொருள்களுக்குப் பெயர்கள் கிடைத்தன. ஆனால் கணிதக் கோவை ஒன்றை ஐயமறத் தமிழில் வாசிக்கும் ஒழுங்கு, பெயர் சூட்டுதலின் வேறான பணியாகும். எங்கே பின்னம் தொடங்குகின்றது, எங்கே அடுக்கு முடிகின்றது, வர்க்கமூலக் குறியின் கீழ் எதுவரை அடங்கும் என்பவற்றைச் சொல்லும் மரபொன்று வகுப்பறையில் நிலைபெறல் வேண்டும். பேசும் கணினியும் தமிழிற் கணிதம் வாசிக்க வேண்டுமாயின் அதற்கு அத்தகைய மரபொன்றையே கற்பிக்க வேண்டியிருக்கும். நெமெத் தமது வாசகர்களுக்காக வகுத்ததைத் தமிழுக்கென வகுத்தல் கணிதவியலாளரும் மொழியியலாளரும் இணைந்து செய்யத்தக்கது. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

அதனினும் எளிய கடமையொன்று உண்டு. கரும்பலகையைச் சுட்டி ‘இதை இங்கே கொண்டுவந்து அதனால் வகுத்தால் இது வரும்’ என்று கூறும் ஆசிரியர், பார்வையுடைய மாணவருக்கும் அரைகுறையாகவே கற்பிக்கின்றார். அவர்களது கண் அக்குறையை மூடிவிடுகின்றது. எதனை எங்கிருந்து எங்கே கொண்டுசெல்கின்றார், எவ்விதியின்படி கொண்டுசெல்கின்றார் என்பதைச் சொல்லாற் கூறும் ஆசிரியர், காணாத மாணவருக்கு வழி திறப்பதோடு காணும் மாணவருக்கும் காரணத்தைக் கற்பிக்கின்றார். ஒருவருக்காக வகுப்பறையிற் செய்யப்படும் மாற்றம் எல்லோருக்கும் பயன்படும் இடங்களுள் இது ஒன்று.

பொன்றியாகினின் கணிதக் கல்விக்கு முதன்முதலிற் கிடைத்த உதவிக் கருவி எந்த இயந்திரமுமன்று. அவரது தாய் தத்தியானா அந்திரேயெவ்னா கணிதம் பயிலாதவர். மகன் பார்வையிழந்த பின்னர், தமக்குப் பொருள் விளங்காத நூல்களை அவர் பல ஆண்டுகள் மகனுக்கு வாசித்துக் காட்டினார். கணங்களின் ஒன்றிப்பையும் இடைவெட்டையும் குறிக்கும் குறிகளின் பெயர் அறியாமையால், வால் மேல்நோக்கியது, வால் கீழ்நோக்கியது எனத் தமது கண்ணுக்குத் தோன்றியவாறே கூறினார். மகன் அவற்றின் பொருளைத் தாமே உணர்ந்துகொண்டார். அத்தாய் மகனை எந்தப் பாடத்திலிருந்தும் விலக்கவில்லை. இது உனக்கு இயலாது எனக் கூறும் தகுதி தமக்கு உண்டென அவர் கருதவுமில்லை. தாம் காண்பதைச் சொல்லுதலே தம் கடமை, விளங்கிக்கொள்ளுதல் மகனின் உரிமை என்ற அளவில் நின்றார்.

பிரெயிலும் சட்டகமும் கணினியும் அத்தாய் ஆற்றிய பணியையே பரவலாகவும் விரைவாகவும் ஆற்றுகின்றன. ஒருவருக்கு அத்தகைய தாய் வாய்த்தல் நற்பேறு. ஆயின் கல்வி நற்பேற்றைச் சார்ந்திருத்தல் நீதியன்று. அவ்வாறான தாய் வாய்க்காதவருக்கும் அது கிடைக்கச் செய்வதற்கென்றே பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. விழிப்புலனற்ற மாணவர் ஒருவர் கணிதம் கற்கும் விருப்பத்துடன் வரும்போது, ‘உம்மால் இயலுமா’ என்பதன்று அவர்முன் வைக்கவேண்டிய முதல் வினா. ‘இதுவரை உமக்கு எவ்வாறு வாசித்துக் காட்டப்பட்டது’ என்பதே அது. அவ்வினாவுக்கு அவர் கூறும் விடை, அவரது ஆற்றலைப் பற்றிக் கூறுவதிலும் மிகுதியாக அவருக்குக் கற்பித்தோரின் கடமையுணர்வைப் பற்றியே கூறும்.